அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க

இந்த வார்த்தையைக் கேட்காத மருத்துவர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. வார்டு வாசலில், மாடிப்படியில், சில நாள் நாம் வண்டியை எடுக்கப் போகும் இடத்தில்கூட மகனோ மருமகனோ வந்து நிற்பார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "டாக்டரம்மா, அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தாங்க மாட்டாரு" என்பார். உள்ளே அப்பா கட்டிலில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் இதை முதன்முதலில் கேட்டது 2006-இல். அப்போது ஹவுஸ் சர்ஜன், அறுவை சிகிச்சைப் பிரிவில் போஸ்டிங். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த விவசாயி ஒருவர், வயது 58. இரண்டு மாதமாகச் சாப்பிட்டது எதுவும் தங்காமல் வாந்தி. எண்டோஸ்கோபி பார்த்ததில் இரைப்பையின் கீழ்ப்பகுதியில் கட்டி. பயாப்சி முடிவு புற்றுநோய் என்று வந்தது. ஸ்கேனில் கல்லீரலுக்கும் பரவியிருந்தது. கட்டியை எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது. இரைப்பையையும் சிறுகுடலையும் சேர்த்துத் தைத்து, உணவு இறங்க ஒரு மாற்று வழி போட்டுவிட்டால் இருக்கிற நாள்வரை சாப்பிடலாம். எங்களால் முடிந்தது அவ்வளவுதான்.

மகனைக் கூப்பிட்டுச் சொன்னோம். அவர் கேட்டது இந்தத் தலைப்பில் இருக்கிறது. சீஃபும் சரி என்றார். அப்பாவிடம், "வயித்துல புண்ணுங்கய்யா, அதான் அடைச்சுக்கிச்சு. ஆபரேஷன் பண்ணா சாப்பிடலாம்" என்றோம். கேஸ் ஷீட்டின் மேல்பக்கத்தில் ‘நோயாளிக்குத் தெரியாது’ என்று சிவப்பு மையில் எழுதி அடிக்கோடு போட்டது நான். ஒப்புதல் படிவத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கியதும் நான்தான். அவர் ஊர்ப்பெயர், அப்பா பெயர் எல்லாம் சேர்த்து நிதானமாக எழுதினார். எழுதி முடித்துப் பேனாவின் மூடியைத் தேடிப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. டிஸ்சார்ஜ் அன்று காலை இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, வயிற்றைத் தடவிக் காட்டி, "புண்ணு ஆறிடுச்சும்மா" என்றார். நான் தலையாட்டினேன்.

ஐந்தாறு மாதம் இருக்கும். மகன் ஏதோ விண்ணப்பத்துக்காக டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல் கேட்டு வந்தார். மொட்டைத் தலையில் முடி அரும்பிக்கொண்டிருந்தது. அப்பா போய் மூன்று வாரம் என்றார். வீட்டுக்குப் போன பிறகு அவருக்கு நன்றாகப் பசி எடுத்திருக்கிறது. உடம்பில் தெம்பு வந்துவிட்டது என்று நம்பி, பல வருடமாகத் தள்ளிப்போட்ட காரியத்தை எடுத்திருக்கிறார்: காட்டில் போர் போடுவது. ஒன்றே கால் லட்சம் ரூபாய், மூணு வட்டிக்கு. வண்டி வந்து 450 அடி போட்டார்கள். தண்ணீரும் வந்தது. மோட்டார் இறக்கிய மாதமே அவர் படுத்துவிட்டார்.

"நீங்க தடுத்திருக்கலாமே" என்று கேட்டுவிட்டேன். இருபத்து மூன்று வயது எனக்கு. கேட்கத் தெரியாமல் கேட்டது. அவர் கோபப்படவில்லை. "எப்படித் தடுக்கிறது டாக்டரம்மா? வேணாம்னா ஏன்னு கேப்பாரு. ஏன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

எனக்கு மருத்துவ அறவியல் என்ற பாடம் அன்றுதான் தொடங்கியது. எங்கள் காலத்தில் கல்லூரியில் அப்படி ஒரு பாடம் தனியாகக் கிடையாது. சட்ட மருத்துவத்தில் ஓரிரு வகுப்பில் வந்துபோகும், அவ்வளவுதான். 2019-இல் சேர்ந்த எம்.பி.பி.எஸ். மாணவர்களிலிருந்துதான் ‘ஏட்காம்’ என்ற பெயரில் அறமும் பேசும் முறையும் பாடத்திட்டத்திலேயே வந்தன. இப்போது அந்த வகுப்புகளில் சிலவற்றை நான் எடுக்கிறேன். கோட்பாடுகளை வரிசையாகப் பலகையில் எழுதிப்போட்டால் மாணவர்கள் எழுதிக்கொண்டு மறந்துவிடுவார்கள். அதனால் இந்தப் பெரியவரைத்தான் ஒவ்வொரு வருடமும் வகுப்புக்கு அழைத்துக்கொண்டு போகிறேன். இங்கேயும் அப்படியே.

அன்று நாங்கள் செய்தது எந்தக் கோட்பாட்டின்படி என்று யாராவது கேட்டிருந்தால் எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அதற்கு ஒரு பெயர் உண்டு. ஒரு செயல் நல்லதா கெட்டதா என்பதை அதனால் வரும் பலனை வைத்துத்தான் சொல்ல வேண்டும் என்பது விளைவுவாதம். அதில் பேர்பெற்ற கிளை, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரமி பெந்தம் என்ற ஆங்கிலேயர் வகுத்த பயன்வாதம்: துன்பத்தைக் குறை, இன்பத்தைக் கூட்டு, எல்லாருக்குமாகச் சேர்த்துக் கணக்குப் போடு. சொன்னால் அப்பா உடைந்துபோவார், சொல்லாவிட்டால் நிம்மதியாக இருப்பார், ஆகவே சொல்லாதே. மகன் போட்ட கணக்கும் சீஃப் போட்ட கணக்கும் இதுதான்.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், பெந்தமின் வழிவந்த ஜான் ஸ்டூவர்ட் மில் 1861-இல் பயன்வாதத்தைப் பற்றி எழுதும்போது, உண்மை பேசுவது எவ்வளவு பெரிய விதியாக இருந்தாலும் அதற்கும் விலக்கு உண்டு என்று சொல்லி, கொடுக்கும் உதாரணங்களில் ஒன்று இதேதான்: கடும் நோயில் இருப்பவரிடம் கெட்ட செய்தியை மறைப்பது. நூற்று நாற்பத்தைந்து வருடத்துக்கு முன்பே எங்கள் வார்டுக்கு அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கும். ஆனால் மில் அத்தோடு நிறுத்தவில்லை. அந்த விலக்கு தேவைக்கு மேல் பரவிவிடக் கூடாது, எதுவரைக்கும் செல்லும் என்று எல்லை கட்ட வேண்டும் என்கிறார். எல்லை கட்டும் வேலையைத்தான் நாங்கள் செய்யவில்லை. சிவப்பு மையில் எழுதியதோடு முடிந்தது. போர் வண்டி எங்கள் கணக்கில் இல்லவே இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரிகிற பலன்களை மட்டுமே எண்ணினோம். அவர் ஊருக்குப் போவார், அங்கே அவருக்கு ஒரு காடு இருக்கிறது, அதில் அவருக்கு ஒரு ஆசை இருக்கிறது என்பதெல்லாம் எங்களுக்குத் தோன்றவே இல்லை.

இந்த இடத்தில் தமிழ் வாசகர்கள் பலருக்கும் ஒரு குறள் வாயில் வந்திருக்கும். "பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்." மருத்துவர்கள் நடுவே இதை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், பெரும்பாலும் பேச்சை முடிப்பதற்காக. வள்ளுவரே அனுமதித்துவிட்டார், அப்புறம் என்ன? நானும் அப்படித்தான் வருடக்கணக்காக எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் நடுவில் இருக்கும் சொல் உறுத்தியது. ‘நன்மை பயக்கும் எனின்’ என்று மட்டும் சொல்லியிருந்தால் நம் பக்கம்தான். அவர் ‘புரைதீர்ந்த நன்மை’ என்கிறார். குற்றம் துளியும் இல்லாத நன்மை. பொய் சொல்லப் போகிறவர் அந்த நன்மையில் ஒரு ஓட்டையும் இல்லை என்று உறுதி கொடுக்க வேண்டும். மூணு வட்டிக்கு வாங்கிய கடன் அந்த வீட்டில் இன்னும் எத்தனை வருடம் ஓடியதோ. அதை ஓட்டை என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

எதிர்த் திசையில் நிற்பவர் ஜெர்மன் தத்துவவாதி இம்மானுவேல் கான்ட். பலனைப் பார்த்து அறத்தைத் தீர்மானிக்காதே, கடமை கடமைதான், மனிதரை ஒருபோதும் வெறும் கருவியாக நடத்தாதே என்பது அவர் நிலை. கடமைவாதம் என்று இதைச் சொல்கிறோம். 1797-இல் அவர் எழுதிய ஒரு சின்னக் கட்டுரையைச் சொல்லி மாணவர்கள் சிரிப்பார்கள். ஒருவனைக் கொல்லத் துரத்தி வருகிறவன் உன் வீட்டுக் கதவைத் தட்டி, அவன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக் கூடாது என்கிறார் அதில். மனசாட்சி உள்ள யாருக்கும் ஒப்பாத முடிவு. எனக்கும் ஒப்பவில்லை. ஆனால் அந்த முடிவுக்கு அவர் வரும் வழியில் ஒரு வாதம் இருக்கிறது, அதைத் தூக்கிப் போட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. ‘இங்கே இல்லை, வெளியே போய்விட்டான்’ என்று நீ பொய் சொல்கிறாய். உனக்குத் தெரியாமல் அவன் நிஜமாகவே பின்வாசல் வழியாக வெளியேறியிருக்கிறான். கொலைகாரன் வெளியே போய்த் தேடி அவனைப் பிடித்துவிட்டால்? உண்மையைச் சொல்லி அதனால் ஏதாவது நடந்தால் அது உன் கையில் இல்லை. பொய்யைச் சொல்லி அதன் பின்னால் ஒன்று நடந்தால் அதற்கு நீ பொறுப்பு, நீ எதிர்பார்க்காத விளைவுக்கும் சேர்த்து.

கொலைகாரனை விட்டுவிடுவோம். இரைப்பைப் புற்றுநோயைப் ‘புண்ணு’ என்று சொன்ன நான், அந்தப் புண் ஆறிவிட்டது என்று நம்பி அவர் செய்த எல்லாவற்றுக்கும் ஒரு பங்கு பொறுப்பை ஏற்க வேண்டும் என்பது எனக்கு நியாயமாகப் படுகிறது. மில்லிடம் போனாலும், வள்ளுவரிடம் போனாலும், கான்ட்டிடம் போனாலும் கடைசியில் மூன்று பேரும் வேறுவேறு குரலில் இந்த ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: நீ சொன்ன பொய்யின் பின்னால் கடைசிவரை நடந்து போவாயா? டிஸ்சார்ஜ் அன்று வார்டு வாசலோடு நின்றுவிடுகிறவர்கள் நாங்கள்.

வெளிநாட்டில்தான் நோயாளியிடம் எல்லாவற்றையும் முகத்துக்கு நேரே சொல்வார்கள், நம் ஊர் வேறு, இங்கே குடும்பம்தான் எல்லாம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. இதில் குடும்பம் பற்றிய பாதி உண்மை. மற்றப் பாதி வரலாறு தெரியாமல் சொல்வது. நோயாளியைக் கவனிக்கும்போது பெரும்பாலானவற்றை அவரிடமிருந்து மறைத்துவிடு என்று பண்டைக் கிரேக்க மருத்துவர் ஹிப்பாக்ரட்டீஸின் மரபு நூல்களிலேயே இருக்கிறது. 1803-இல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் மருத்துவர் தாமஸ் பெர்சிவல், மருத்துவர் முந்திக்கொண்டு கெட்ட செய்தி சொல்லக் கூடாது, ஆபத்து இருந்தால் நோயாளியின் நண்பர்களுக்கு உரிய நேரத்தில் தெரிவிக்கத் தவறக் கூடாது, மிக அவசியமானால் மட்டும் நோயாளிக்கு என்று எழுதினார். 1847-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் தன் முதல் நெறிமுறையில் ஏறக்குறைய அதே வரிகளை எடுத்துக்கொண்டது. 1961-இல் டொனால்ட் ஓக்கன் சிகாகோவில் 219 மருத்துவர்களிடம் கேட்டபோது, பத்தில் ஒன்பது பேர் புற்றுநோய் என்று நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதையே விரும்புவதாகச் சொன்னார்கள். 1979-இல் இன்னொரு கணக்கெடுப்பு நடந்தபோது கிட்டத்தட்ட எல்லாருமே சொல்வோம் என்றார்கள். பதினெட்டே வருடம். ஆக, அங்கேயும் அப்பாகிட்ட சொல்லாதீங்கதான் இருந்தது. அது மாறியது.

ஏன் மாறியது? சிகிச்சைகள் மேம்பட்டது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை நினைத்தால் வயிற்றைப் பிசையும். அலபாமா மாநிலத்தில் டஸ்கிகி என்ற ஊர்ப்பக்கம் 1932-இல் அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை ஒரு ஆய்வைத் தொடங்கியது. சிஃபிலிஸ் நோய் உள்ள 399 கறுப்பின ஆண்கள், நோய் இல்லாத 201 பேர். சிகிச்சை கொடுக்காமல் விட்டால் நோய் எப்படிப் போகும் என்று பார்ப்பதுதான் நோக்கம். அவர்களிடம் சிஃபிலிஸ் என்று சொல்லவில்லை. ‘கெட்ட ரத்தம்’ என்றார்கள். 1940-களின் நடுவில் பென்சிலின் வந்து, அந்த நோயைக் குணமாக்கும் மருந்து எல்லா இடத்திலும் கிடைக்கத் தொடங்கிய பிறகும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. பீட்டர் பக்ஸ்டன் என்ற ஊழியர் உள்ளுக்குள்ளே பலமுறை ஆட்சேபித்துப் பார்த்து, கடைசியில் பத்திரிகைக்குச் சொன்னார். 1972 ஜூலையில் செய்தி வெளியான பிறகுதான் அது நின்றது. நாற்பது வருடம்.

நியூரம்பர்கில் நாஜி மருத்துவர்களை விசாரித்து, மனிதர் மேல் நடத்தும் ஆய்வுக்கு அவரவர் தாமாகக் கொடுக்கும் சம்மதம் இல்லாமல் கூடவே கூடாது என்று 1947-இல் எழுதிவைத்தது இந்த நாற்பது வருடத்துக்கு நடுவில்தான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

‘கெட்ட ரத்தம்’ என்று சொன்னவர்களையும் ‘புண்ணு’ என்று சொன்ன எங்களையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். அவர்கள் மனிதரை ஆய்வுப் பொருளாக்கினார்கள். எங்களுக்கு அந்தப் பெரியவர்மேல் இருந்தது பரிவு. ஆனால் கட்டிலில் இருப்பவர் பக்கத்திலிருந்து பாருங்கள். இரண்டு இடத்திலும் தன் உடம்புக்கு என்ன என்பது அவரைச் சுற்றி நிற்கும் எல்லாருக்கும் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. இரண்டு இடத்திலும் அவர் மருத்துவரை நம்பினார்.

டஸ்கிகி அம்பலமான பிறகு அமெரிக்காவில் அமைத்த ஆணையம், மனிதர் மேல் நடத்தும் ஆய்வுக்கான அறநெறிகளைச் சொல்லும் பெல்மான்ட் அறிக்கையை 1979-இல் வெளியிட்டது. அதே ஆண்டு அமெரிக்க அறவியல் அறிஞர்கள் டாம் பீச்சம், ஜேம்ஸ் சில்ட்ரஸ் இருவரும் நான்கு கொள்கைகளை முன்வைத்தார்கள். உலகம் முழுக்க மருத்துவ மாணவர்கள் படிப்பது இந்த நான்கைத்தான்: நோயாளியின் தன்னுரிமை, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி. கான்ட்டும் மில்லும் தத்துவத்தில் ஒத்துப்போகாவிட்டாலும், வார்டில் வேலை நடக்க வேண்டுமே. இரண்டு தரப்பும் ஏற்கக்கூடிய நடுத்தளம் என்று இதை வைத்தார்கள். தேர்வில் மாணவர்கள் நான்கையும் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். சிக்கல் என்னவென்றால் இந்த நான்கும் ஒன்றோடொன்று மோதும்போது எது முன்னால் என்று பட்டியல் சொல்வதில்லை. சொல்லக் கூடாது என்றுதான் அதை வகுத்தவர்களும் நினைத்தார்கள். அந்தந்த இடத்தில் எடை போட்டுப் பார்க்க வேண்டும்.

நம் ஊரில் தன்னுரிமை யாருக்கு என்பதே முதல் கேள்வி. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறையில் ஒரு விதி இருக்கிறது. நோயின் தீவிரத்தை மருத்துவர் கூட்டியும் சொல்லக் கூடாது, குறைத்தும் சொல்லக் கூடாது. நோயாளி, அவருடைய உறவினர்கள் ‘அல்லது’ பொறுப்புள்ள நண்பர்கள், நோயாளியின் நலனுக்கும் குடும்பத்தின் நலனுக்கும் உதவும் அளவு நிலைமையைத் தெரிந்திருப்பதை மருத்துவர் உறுதி செய்ய வேண்டும். அந்த ‘அல்லது’ என்ற சொல்லின் நிழலில் நாங்கள் எல்லாரும் ஒதுங்கி நிற்கிறோம். பெர்சிவல் 1803-இல் எழுதியதின் வாடை இதில் அடிக்கிறது அல்லவா?

ஆனால் 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வேறு ஒன்று சொன்னது. சமீரா கோலி வழக்கு. 44 வயதுப் பெண்மணி ஒருவர் 1995-இல் டெல்லியில் லேப்ராஸ்கோபி பரிசோதனைக்குச் சம்மதித்து மேசையில் படுக்கிறார். மயக்கத்தில் இருக்கும்போது மருத்துவர் வெளியே காத்திருந்த அம்மாவிடம் சம்மதம் வாங்கி, கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிடுகிறார். சிகிச்சை என்ற வகையில் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை. சுயநினைவு திரும்பும்வரை காத்திருந்து அவரையே கேட்டிருக்கலாம். வயதுவந்த, நினைவுள்ள ஒருவருக்குப் பதிலாக அவர் அம்மா கொடுக்கும் சம்மதம் சம்மதம் ஆகாது என்று தீர்ப்பு வந்தது. அமெரிக்காவில் கேட்கிற அளவு எல்லா விவரமும் சொல்ல வேண்டும் என்று நீதிமன்றம் வற்புறுத்தவில்லை. நோயாளி யோசித்து முடிவெடுக்கப் போதுமான அளவு சொல், அவரிடமே சொல் என்றது.

அந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்கு அந்தப் பெரியவரின் கையெழுத்து ஞாபகம் வந்தது. அவர் எதற்குக் கையெழுத்துப் போட்டார்? புண்ணுக்கு. புண் அவருக்கு இல்லவே இல்லை.

சரி, அப்படியென்றால் எல்லாரிடமும் எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லிவிட வேண்டுமா? நான் சில வருடம் அப்படியும் இருந்தேன். ஒரு தப்பைத் திருத்துகிற வேகத்தில் இன்னொரு தப்புக்குப் போன காலம் அது. நோயாளியாக வந்த ஒரு பள்ளி ஆசிரியரிடம், மாலை ஓ.பி. முடியும் நேரத்தில், நின்றுகொண்டே சொன்னேன். நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. அவர் மனைவி பக்கத்தில் இல்லை. வீட்டுக்குப் பஸ்ஸில் தனியாகப் போக வேண்டியவர். அவர் அந்த பெஞ்சில் உட்கார்ந்தபடி சட்டைப் பையிலிருந்த டோக்கனை எடுத்து மடித்துக்கொண்டே இருந்தார், மேலும் மேலும் சின்னதாக. எங்கள் வார்டு சிஸ்டர் ஒருவர்தான் அவருக்குத் தண்ணீர் கொடுத்து, வீட்டு நம்பர் கேட்டு, யாராவது வரும்வரை கூடவே உட்கார்ந்திருந்தார். மறுநாள் என்னிடம், "டாக்டர், நீங்க சொன்னதுல தப்பில்ல. அவரு கேட்டாரா?" என்றார்.

அவர் கேட்டாரா. இதை எந்தப் புத்தகமும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

அந்த சிஸ்டரிடம் இருந்ததைத்தான் அரிஸ்டாட்டில் முன்னிறுத்தினார். விதி என்ன, விளைவு என்ன என்பதை விட, செய்கிறவர் எப்படிப்பட்டவர் என்று பார்ப்பது நற்பண்பு அறம். அதன் நடுவில் இருப்பது விவேகம்: எதை, யாரிடம், எப்போது, எந்த அளவில் என்று அறியும் பக்குவம். அது படித்து வருவதில்லை. செய்து செய்து, செய்கிறவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்து வருவது. 1982-இல் அமெரிக்க உளவியலாளர் கரோல் கில்லிகன் எழுப்பிய இன்னொரு பார்வையும் இங்கே பொருந்தும். உரிமை, விதி என்று தனித்தனி மனிதர்களை வைத்தே அறத்தைப் பேசுகிறீர்களே, உறவுக்குள் இருந்து, அக்கறையிலிருந்து பேசுகிற குரல் ஒன்று இருக்கிறது, அது ஏன் கேட்கவில்லை என்றார். நம் ஊர்க் குடும்பங்களுக்கு இந்தக் குரல் புதிதே அல்ல. ‘சொல்லிடாதீங்க’ என்று வரும் மகனும் அந்தக் குரலில்தான் பேசுகிறார். அவரை எதிரியாக நடத்துகிற இளம் மருத்துவர்களை இப்போது பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது. அவர் அப்பாவின் உரிமையைப் பறிக்க வரவில்லை. பயந்துபோய் வந்திருக்கிறார். "உங்களுக்கு என்ன பயம்?" என்று கேட்டால் பாதிப் பேர் அங்கேயே அழுதுவிடுவார்கள்.

வால்டர் பெய்ல், ராபர்ட் பக்மன் முதலான மருத்துவர்கள் 2000-இல் கெட்ட செய்தியைச் சொல்வதற்கு ஆறு படிகள் வகுத்தார்கள். இடத்தைத் தயார்செய், அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேள், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேள், அதற்குப் பிறகுதான் சொல்வது வருகிறது. எனக்கு அந்த மூன்றாவது படிதான் முக்கியம். தன்னுரிமை என்றால் தெரிந்தே ஆக வேண்டும் என்பதல்ல. ‘எனக்கு வேண்டாம், என் மகளிடம் சொல்லுங்கள்’ என்று சொல்வதும் அவர் உரிமைதான். அதை அவர் சொல்ல வேண்டும். மகள் சொல்லக் கூடாது.

இதற்கு ஒரு ஸ்டூலும் இருபது நிமிடமும் வேண்டும். எங்கள் ஓ.பி.யில் ஒரு காலையில் நூறு பேருக்கு மேல் பார்க்கிற நாட்கள் உண்டு. ஒருவருக்கு இருபது நிமிடம் கொடுத்தால் அது வரிசையில் நிற்கும் மற்றவர்களிடமிருந்து எடுத்த நேரம். நான்காவது கொள்கையான நீதி என்பது வெண்டிலேட்டர், கிட்னி என்று பெரிய விஷயங்களில் மட்டும் வருவதல்ல. நான் இதற்கு ஒரே ஒரு வழிதான் கண்டுபிடித்தேன். இந்தப் பேச்சை ஓ.பி.யில் பேசுவதில்லை. மதியம் மூன்று மணிக்கு மேல், பார்வையாளர் கூட்டம் வருவதற்கு முன்னால்.

மூன்று வருடத்துக்கு முன்பு அப்படி ஒரு மதியம். ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர் அம்மா ஒருவர், கணையத்தில் புற்று. மகள் வழக்கமான கோரிக்கையோடு வந்தார். "சரிம்மா, நானா எதையும் சொல்ல மாட்டேன். ஆனா அவங்க கேட்டா பொய் சொல்ல மாட்டேன். நீங்களும் பக்கத்துல இருங்க" என்றேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

அந்த அம்மாவிடம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "உடம்பைப் பத்தி உங்களுக்கு எவ்வளவு சொல்லணும்னு நீங்களே சொல்லுங்கம்மா" என்றேன். அவர் நோயின் பெயரைக் கேட்கவே இல்லை. மகளை ஒருமுறை பார்த்தார். பிறகு, "பேத்திக்குக் காது குத்தணும். தையில வச்சிருக்கோம்" என்றார். அது ஆடி மாதம்.

மகள் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். நான், "ஆவணியில நாள் இருக்குமாம்மா?" என்றேன்.

"இருக்கும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப ஆவணியிலயே வச்சுக்கிறேன். வலி மட்டும் இல்லாம பாத்துக்குங்க" என்றார்.

இது உண்மை சொன்னதா, சொல்லாததா? வகுப்பில் இதற்கே ஒரு மணி நேரம் போய்விடும். பொய் இல்லை என்பது நிச்சயம். கான்ட்கூட மனதில் இருக்கும் எல்லாவற்றையும் கொட்டச் சொல்லவில்லை. சொல்வது உண்மையாக இருக்க வேண்டும் என்றுதான் சொன்னார். அந்த அம்மா கேட்ட கேள்விக்கு அவர் கேட்ட மொழியில் பதில் கிடைத்தது. வலிக்கு மார்ஃபின் மாத்திரை ஆரம்பித்தோம். மார்ஃபின் என்றதும் மகளுக்கு மறுபடி பயம், சீக்கிரம் முடித்துவிடுவார்களோ என்று. வலிக்குத் தேவையான அளவில் முறையாகக் கொடுக்கும் மார்ஃபின் ஆளைக் கொல்வதில்லை. அப்படியே ஒரு பக்கவிளைவு வந்தாலும், நோக்கம் வலியைத் தணிப்பதாக இருக்கும்போது அது கொலைக்குச் சமம் ஆகாது என்று 13-ஆம் நூற்றாண்டின் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸிடம் வேர்கொண்ட ஒரு கோட்பாடே இருக்கிறது. மகளிடம் அக்வினாஸைப் பற்றிப் பேசவில்லை. முதல் டோஸ் கொடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அன்றிரவு அந்த அம்மா பல நாளைக்குப் பிறகு தூங்கினார்.

ஆவணி கடைசியில் ரிவ்யூவுக்கு வந்தபோது பேத்தியையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காதில் தங்கக் கம்பி, சுற்றிலும் லேசாகச் சிவந்திருந்தது. தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் போடுவதாகப் பாட்டி சொன்னார். புரட்டாசி முடிவதற்குள் போய்விட்டார்.

இந்த வருட வகுப்பில் புதுக்கோட்டைப் பெரியவரின் கதையைச் சொல்லி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "மேடம், நாலு தியரியும் சொல்லிட்டீங்க. இப்ப அவரு வந்தா நீங்க என்ன சொல்வீங்க? வார்த்தையாச் சொல்லுங்க" என்றாள். இத்தனை வருடத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. நான் மேசையை விட்டு வந்து முன்வரிசைக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எப்போதோ எழுதி முடித்திருக்க வேண்டிய வாக்கியம் அது, இருந்தும் வாய்க்கு வரக் கொஞ்ச நேரம் ஆனது.

"ஐயா, ஆபரேஷன் நல்லா முடிஞ்சிருக்கு, இனிமே சாப்பிடலாம். ஆனா நோவு உள்ளேயேதான் இருக்கு. அதைப் பத்தி எப்ப கேக்கணும்னு தோணினாலும் என்கிட்ட கேளுங்க, நான் மறைக்காம சொல்றேன். கடன ஒடன வாங்கிப் பெருசா ஏதாவது செய்யறதா இருந்தா, அதுக்கு முன்னாடி ஒரு தடவ இங்க வந்து என்னைப் பாத்துட்டுப் போங்க."